புது ரைபிள் வாங்கும் முன் பழையதைச் சோதித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளை விளையாட்டில் சேர்த்துவிட்டு கடனில் தவிக்கும் பெற்றோரைப் பற்றி சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் டென்னிஸைப் பற்றிச் சொன்னார். நான் துப்பாக்கி சுடுதலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் போன வருடம் என் ஓய்வுப் பணத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் ஒரு புது ரைபிளில் போட இருந்தேன்.

பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். மகளுக்கு இருபத்துமூன்று வயது. எம்.காம் படித்துக்கொண்டே 50 மீட்டர் ரைபிள் சுடுகிறாள். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளி எடுத்து அதே 50 மீட்டர் ரைபிளில், மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டியில், வெண்கலம் வாங்கியபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. அப்போது அவர் மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். ரயில்வேக்காரன் என்பதால் எனக்கு இன்னும் ஒரு படி மேல். அதற்கப்புறம் ஆவடிப் பக்கம் நாங்கள் போகும் ரேஞ்சில் புதுப் பிள்ளைகள் கூடியிருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். அவர்களின் அப்பா அம்மாக்களை நினைத்துத்தான் இந்தக் கடிதம்.

மகளிடம் இருப்பது ஜெர்மனியில் உல்ம் நகரில் செய்த அன்ஷூட்ஸ் ரைபிள். இருபது வயதாகிறது, பழையதாக வாங்கியது. குப்புறப் படுத்துச் சுடும் ப்ரோன் போட்டியில், நட்டநடுவில் பட்டால் குண்டுக்கு 10.9 வீதம், அறுபது குண்டுக்கு அதிகபட்சம் 654 புள்ளி. இவள் ஒரு வருடமாக 608, 611 என்று அங்கேயே நின்றுவிட்டாள். "ரைபிள் பழசாயிடுச்சுப்பா" என்றாள். துப்பாக்கி வியாபாரம் செய்யும் ஒருவரும் அதையே சொன்னார். பணத்தை எடுக்க வங்கிக்குக் கிளம்பிய அன்று காலை என் மனைவி கேட்டாள்: "பழசுன்னு சொல்றாங்களே, அளந்து பாத்தாங்களா?" முப்பத்திரண்டு வருடம் அளவெடுத்துப் பிழைத்தவனுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

கோச்சிடம் போய்ப் பேசினேன். உரிமம் மகள் பெயரில் இருப்பதால் நான் ரைபிளைத் தொடவில்லை, வர்னியர் காலிப்பரும் நோட்டும் மட்டும்தான் என் கையில். ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு, காற்று எழும்பும் முன், மேசையில் மணல் பைகளை அடுக்கி அதில் ரைபிளைக் கிடத்தி மகளைச் சுட வைத்தார். பத்துப் பத்துக் குண்டாக, அட்டைக்கு அட்டை மாற்றி.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் குறுக்களவு சுமார் 5.6 மி.மீ. குண்டு கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், பத்துத் துளைகளும் ஒரு வெளிவிளிம்பிலிருந்து மறு வெளிவிளிம்பு வரை 21.6 மி.மீ-க்குள் அடங்கினால், அந்த ரைபிளும் தோட்டாவும் பத்துக்குப் பத்து எடுக்கும் தகுதி உள்ளவை. அதைத் தாண்டினால், சுடுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒன்பது விழத்தான் செய்யும்.

அந்த வருடம் முழுக்க மகள் சுட்ட தோட்டா 27 மி.மீ காட்டியது. அதே கம்பெனி, அதே நிற டப்பா, வேறு லாட் எண் போட்ட, அதாவது வேறு தொகுதியாகத் தயாரித்த, தோட்டா 19. ரைபிள் அதே ரைபிள்! இவள் சுடும் .22 அங்குலத் தோட்டாவில் இது சகஜம் என்று கோச் சொன்னார். விளிம்பில் வெடிக்கும் தோட்டா அது. விளிம்புக்குள் மருந்து பரவும் விதம், ஈயக் குண்டின் மேல் பூசிய கிரீஸ், எல்லாம் லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும். ஒரு குழலுக்குப் பிடித்த லாட் பக்கத்துக் குழலுக்குப் பிடிக்காது. அதனால்தான் வெளிநாட்டில் பெரிய வீரர்கள் தோட்டா தொழிற்சாலைக்கே ரைபிளை எடுத்துப் போய், சுட்டுப் பார்த்து லாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அடுத்து, குழலையும், தோளில் அணைக்கும் கட்டையையும் சேர்க்கும் இரண்டு திருகாணிகளைக் கோச், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தார். முன் திருகாணி கால் சுற்றுக்கு மேல் தளர்ந்திருந்தது. கையால் பிடித்து ஆட்டினால் எதுவும் தெரியாது. சொன்ன அளவுக்கு இறுக்கியதும் அதே நல்ல லாட் 17 மி.மீ-க்கு வந்தது. நான் அந்த அட்டையை வீட்டுக்கு எடுத்து வந்து காலண்டர் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மிச்சம் இருந்தது காற்று. மகளின் பழைய அட்டைகளை எல்லாம் தரையில் பரப்பிப் பார்த்தேன். காலையில் சுட்டவற்றில் துளைகள் உருண்டையாகக் கூடியிருந்தன. மதியத்துக்கு மேல் சுட்டவை இடமும் வலமுமாக இழுத்திருந்தன. நம் ஊரில் நடுப்பகலில் கடற்காற்று கிளம்பி, உள்ளே ஆவடி வரை வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். இவள் பயிற்சியெல்லாம் காலையில், போட்டியில் முறை வருவதோ பெரும்பாலும் மதியம். வாங்கப் போகும் புது ரைபிளிலும் குண்டு அதே எடைதான், ஒலியைவிடக் குறைந்த அதே வேகம்தான். காற்று அதையும் தள்ளும். இப்போது வாரத்தில் இரண்டு நாள் மதியம் மூன்று மணிக்குப் போய், கொடி ஆடுவதைப் பார்த்துச் சுடப் பழகுகிறாள். போன மாதம் 616 எடுத்தாள்.

ரைபிளை மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. குழலின் உட்புறம் துரு அரித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரம் எண்ணெய் போடாமல் உறையில் வைத்தால் சென்னையில் எந்த இரும்பும் பூத்துவிடும். 300 மீட்டர் பெரிய ரைபிளின் கதையும் வேறு. அதன் சூடும் அழுத்தமும் குழலைத் தின்றுவிடும். ஈயக் குண்டு போகும் .22 குழல் அப்படிச் சீக்கிரம் தேயாது. மகளோடு சுடும் ஆறடிப் பையன் ஒருவன் குட்டையான மரக்கட்டையில் கழுத்தை முறுக்கிக்கொண்டு சுட்டான். அவன் பழைய குழலை வைத்துக்கொண்டு, நீளம் கூட்டிக் குறைக்கும் அலுமினியக் கட்டையை மட்டும் வாங்கினான். அது சரியான செலவு.

இன்னொன்றும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 10 மீட்டர் ஏர் ரைபிள் போல இது இல்லை. .22 ரைபிளுக்கு உரிமம் வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விலக்கு உண்டு என்றாலும், கடையில் போய் மிக்ஸி மாற்றுவதுபோல் மாற்ற முடியாது. தோட்டாவும் அனுமதித்த அளவுக்குத்தான். ஆகவே தவறான லாட்டில் ஒரு வருடம் போனால் அது போனதுதான்.

இங்குள்ள சங்கங்களுக்கும் விளையாட்டுத் துறைக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. ஒவ்வொரு 50 மீட்டர் தளத்திலும் ரைபிளை இறுக்கிப் பிடிக்கும் பிடிமானத்தோடு ஒரு சோதனை மேசை போடுங்கள். தோட்டா ஒதுக்கீடு வரும்போது லாட் எண்களைப் பலகையில் எழுதி, ஒவ்வொரு லாட்டிலும் ஒரு டப்பாவைச் சுட்டுப் பார்த்த பிறகு பிள்ளைகள் வாங்க வழி செய்யுங்கள். இரும்பு வேலை தெரிந்த ஓய்வுபெற்ற ஆட்கள் அயனாவரத்திலும் வில்லிவாக்கத்திலும் தெருவுக்குத் தெரு இருக்கிறோம். மேசையை நாங்களே செய்து தருகிறோம், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.சி.எஃப் தொழிலாளி ஒருவர்,
அயனாவரம், சென்னை–23