இரும்பை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்கள் வாய்க்காலில் விடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்டிகள் பற்றிப் பேச்சு வந்தாலே 15 வருஷம், எஃப்சி கட்டணம், ஆர்சி புதுப்பிப்பு என்பதோடு எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். வண்டிக்காரருக்கு அது கவலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டி கடைசியில் எந்த ஊரில் உடைபடுகிறதோ அந்த ஊர்க்காரர்கள் படும் பாட்டை யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு காரைச் செய்யும்போதே, பின்னால் அதைச் சுலபமாகப் பிரித்து, ஏறக்குறைய முழுவதையும் மறுபடி பயன்படுத்த முடிகிற மாதிரிச் செய்ய வேண்டும் என்று அரசு சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டும். கம்பெனிகள் மனசு வைத்துச் செய்யட்டும் என்று விட்டால் நடக்காது.

நான் பாபநாசம் பக்கத்துக்காரன், விவசாயி. தஞ்சாவூர்-கும்பகோணம் சாலையில் போகிறவர்கள் வழி நெடுக காயலான் கடைகளைப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஊர்ப் பாசன வாய்க்காலை ஒட்டியும் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு கார் வந்து இறங்கினால் முதலில் பேட்டரி போகும், அப்புறம் டயர், ரேடியேட்டர், டைனமோ. சைலன்சரோடு வரும் புகை வடிகட்டிக்குள் பிளாட்டினம், பல்லேடியம் எல்லாம் இருப்பதால் அதற்கென்றே ஒரு வியாபாரி வந்துவிடுவார். என்ஜின் நல்ல நிலையில் இருந்தால் சென்னை புதுப்பேட்டையில் இருக்கிற பழைய உதிரிபாகச் சந்தைக்குப் போகும். பழைய ஆயிலைக் கேனில் பிடித்துச் சென்ட்ரிங் வேலைக்காரர்களுக்கு விற்பார்கள், பலகையில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்கத் தடவுவதற்கு. கடைசியில் கேஸ் கட்டரால் பாடியைத் துண்டு போட்டு எடைக்குப் போட்டுவிட்டால் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். இதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. எந்தச் சட்டமும் கேட்காமலே இவ்வளவும் நடக்கிறது, ஏனென்றால் அதில் காசு இருக்கிறது.

காசு இல்லாததுதான் எங்கள் பிரச்சினை. ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட உலோகம், மிச்சம் இருநூறு இருநூற்றைம்பது கிலோவுக்கு வாங்க ஆள் கிடையாது. டேஷ்போர்டு, சீட் பஞ்சு, கதவின் உள்பக்க அட்டை, தரைவிரிப்பு, ரப்பர் பீடிங், உடைந்த பம்பர், விளக்குக் கூடு, கண்ணாடி. முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டியது, சாதாரணமாகப் பிரிக்க வராது, அதனால் கண்ணாடி உருக்குகிறவர்களும் தொடமாட்டார்கள். டேஷ்போர்டோ இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக்கும் பஞ்சும் பசையும் சேர்ந்த ஒரே பாளம், எது எந்த வகை என்று உடைக்கிற பையனுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் கடைக்குப் பின்னால் குவியும். குவியல் பெரிதானால் ஒரு சாயந்திரம் தீ வைப்பார்கள். ஒயரை எரித்துச் செம்பு எடுப்பதும் அந்தத் தீயிலேயேதான். ஒயர் மேலே இருக்கிற பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்சின் என்ற நச்சு வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, ஆனால் எரிப்பவருக்கு அன்றைக்குக் கிடைக்கிற செம்பின் விலைதான் கண்ணில் படும். ஏசி குழாயை அறுத்தால் உள்ளே இருக்கிற வாயு அப்படியே காற்றில் கலந்துவிடும், வழக்கமான ஆர்134ஏ வாயு ஒரு கிலோ வெளியேறினால் பூமியைச் சூடாக்குவதில் ஆயிரம் கிலோ கரியமில வாயுவைவிட மோசம்.

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்து, கல்லணை வழியாக எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும்போது முதல் தண்ணீரோடு என்ன வருகிறது என்று நீங்கள் வந்து பார்க்க வேண்டும். சாம்பல், கருகிய பஞ்சு, மேலே ஆயில் படலம். மதகில் அடைத்துக்கொண்டிருப்பதைக் கம்பு வைத்துத் தள்ளிவிட்டால்தான் தண்ணீர் நகரும். போன சம்பா நடவில் எங்கள் வயலில் ஒரு அம்மாவின் உள்ளங்காலில் கண்ணாடி ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டார்கள். கார் கதவுக் கண்ணாடி உடைந்தால் கூரான சில்லாகப் போகாமல் சின்னச் சின்னக் கட்டியாக நொறுங்கும், அதனால் ஆபத்தில்லை என்பார்கள், வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அது சரி. சேற்றில் வெறுங்காலோடு நாள் முழுக்க நடக்கிறவருக்குச் சரியில்லை. நாங்கள் மதகிலிருந்து தள்ளிவிட்டது எங்கே போகும்? கடைமடைக்குத்தான் போகும், அங்கே இருப்பவர்களும் விவசாயிகள்தான்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். காலாவதி வாகனங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2025 ஜனவரியில் அறிவித்து, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வண்டி செய்த கம்பெனிதான் அதன் முடிவுக்கும் பொறுப்பு என்று அதில் சொல்லியிருக்கிறார்கள், அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் கம்பெனிக்கு என்ன இலக்கு வைத்திருக்கிறார்கள் என்று படித்துப் பார்த்தபோது மனசு விட்டுப்போயிற்று. பல வருஷம் முன்பு விற்ற வண்டிகளில் போட்ட எஃகில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 8 சதவீதம், அப்புறம் 13, 2035-36 முதல் 18 சதவீதம் மீட்கப்பட்டதாகக் கணக்குக் காட்ட வேண்டும். எஃகு! காயலான் கடைக்காரர் யாருடைய உத்தரவும் இல்லாமல் கடைசித் துண்டுவரை பொறுக்கி விற்கிற அதே பொருள். பேட்டரிக்கு 2022-இலேயே தனி விதி வந்தது, டயருக்கும் அதே ஆண்டில் வந்தது, சரி. சீட் பஞ்சுக்கும் டேஷ்போர்டுக்கும் முன் கண்ணாடிக்கும் இத்தனை சதவீதம் என்று இலக்கு வைத்தால்தானே கம்பெனி அதைப்பற்றி யோசிக்கும்? விலை போகிற பொருளுக்கு மட்டும் இலக்கு வைத்தால் விலை போகாதது எல்லாம் வாய்க்காலுக்குத்தான் வரும்.

“காரை அப்படியெல்லாம் செய்ய முடியாது, விலை ஏறிவிடும், எடை கூடி மைலேஜ் குறையும்” என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், ஏனென்றால் நம் தமிழ்நாட்டுத் தொழிற்சாலையிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் போட்டது, 2003 ஜூலைக்குப் பிறகு விற்கிற வண்டிகளில் சில விலக்குகள் தவிர ஈயம், பாதரசம், காட்மியம் கூடாது என்றது. அடுத்து 2005-இல் இன்னொரு சட்டம், அதன்படி எடையில் 85 சதவீதம் மறுபடி பயன்படுத்தவோ மறுசுழற்சி செய்யவோ கூடியதாக, எரிபொருளாக எரிப்பதையும் சேர்த்தால் 95 சதவீதம் மீட்கக்கூடியதாக இல்லாத கார் மாடலுக்கு அங்கே விற்க அனுமதியே கிடையாது. புது மாடல்களுக்கு 2008 டிசம்பரிலிருந்தும், எல்லாப் புதுக் கார்களுக்கும் 2010 ஜூலையிலிருந்தும் இதுதான் விதி. ஒரகடத்தில் செய்த நிசான் மைக்ரா அந்தச் சமயத்தில்தான் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது, ஹூண்டாயின் ஐ10 அதற்கும் முன்பே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அங்கே போகிற காருக்கு அந்தக் கணக்கைக் காட்டத் தெரிந்தவர்களுக்கு இங்கே ஓடுகிற காருக்குக் காட்டத் தெரியாதா? கேட்கிறவர் கேட்டால் செய்கிறார்கள், அவ்வளவுதான். நம் நாட்டிலும் இதற்கென்று ஏஐஎஸ்-129 என்ற ஒரு தர ஆவணத்தை எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் ஷோரூமில் கார் வாங்கப் போகிறவர் கண்ணில் இந்தச் சதவீதம் எங்காவது படுகிறதா? மைலேஜ் சொல்கிறார்கள், ஏர்பேக் எத்தனை என்று சொல்கிறார்கள், இதையும் சொல்லட்டும்.

செய்ய வேண்டியதும் பெரிய ராக்கெட் வேலை இல்லை. ஒவ்வொரு பிளாஸ்டிக் பாகத்திலும் அது என்ன வகை என்று அச்சு குத்துவது, ஒரு பாகத்துக்கு முடிந்தவரை ஒரே வகைப் பிளாஸ்டிக், பசைக்குப் பதில் கழற்றக்கூடிய கிளிப், ஒயரை ஒரே இழுப்பில் உருவும்படி வைப்பது. ஒயர் விஷயத்தில் எஃகு ஆலைக்கே ஆதாயம் உண்டு, பழைய இரும்போடு செம்பு கலந்து உலைக்குப் போனால் எஃகு சூட்டில் உருட்டும்போது வெடிப்பு விடும். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கிறவரிடம் உடைந்த பழைய விளக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எடை போட்டு எடுத்துக்கொள்வார், காரணம் அதில் பித்தளையைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும். டேஷ்போர்டில் என்ன இருக்கிறது என்று உடைக்கிறவருக்கும் அப்படித் தெரிந்தாலே பாதிக் குப்பை விற்பனைக்குரிய சரக்காகிவிடும்.

செலவை யார் ஏற்பது என்ற கேள்வி நியாயமானது. ஜப்பானில் 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, புதுக் கார் வாங்கும்போதே மறுசுழற்சிக்கென்று ஒரு தொகையைக் கட்டிவிட வேண்டும், சாதாரணக் காருக்குப் பெரும்பாலும் 10,000 யென்னை ஒட்டி வரும். அது தனி நிதியாக இருக்கும், காரை விற்றால் அடுத்தவர் பெயருக்குப் போகும், கடைசியில் உடைக்கும்போது மூன்று காரியங்களுக்கு அதைச் செலவழிப்பார்கள்: ஏசி வாயு, ஏர்பேக், அப்புறம் காரை அரைத்து உலோகம் எடுத்தபின் மிஞ்சுகிற துகள். அதாவது யாரும் வாங்காத மூன்று சமாச்சாரங்கள். எங்கள் வாய்க்காலுக்கு வருகிற கணக்கை அவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

அவர்களும் பட்டபிறகுதான் பிடித்தார்கள். தெஷிமா என்று ஜப்பானின் உள்கடலில் ஒரு சின்னத் தீவு, நெல் வயலும் மீன்பிடிப்புமாக இருந்த ஊர். அங்கே ஒரு நிறுவனம் கார் அரைத்த துகளையும் மற்றக் கழிவுகளையும் வருஷக்கணக்காகக் கொண்டுவந்து கொட்டித் திறந்தவெளியில் எரித்தது. ஊர்ச் சனங்கள் 1970-களிலிருந்தே எதிர்த்தார்கள், மாவட்ட நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை, 1990-இல் போலீஸ் சோதனை போட்ட பிறகுதான் நின்றது. 2000-இல் சமரசம் ஏற்பட்டு, கழிவைப் பக்கத்துத் தீவுக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பி முடிக்க 2017 ஆகிவிட்டது. ஒன்பது லட்சம் டன்னுக்கு மேல் அள்ளியிருக்கிறார்கள், அதில் கழிவு ஊறிய மண்ணும் அடக்கம். கொட்டின நிறுவனம் கட்டவில்லை, மக்கள் வரிப்பணம்தான் போயிற்று. கொட்டுவது ஒரு தலைமுறை என்றால் அள்ளுவது இன்னொரு தலைமுறை. எங்கள் நிலத்தில் தண்ணீர் ஊறுகிற ஆழம் கொஞ்சம்தான், இங்கே அப்படி ஒன்று நடந்தால் அள்ளுவதற்குக்கூட முடியாது.

இதைச் சொல்வதால் காயலான் கடைகளை இழுத்து மூடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் எனக்கு வேண்டாதவர்கள் இல்லை, மறுசுழற்சி என்ற பேரே இல்லாத காலத்திலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறவர்கள் அவர்கள்தான். பதிவு பெற்ற உடைப்பு நிலையங்கள் வேண்டும் என்று 2021-லேயே விதி வந்துவிட்டது, அங்கே ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கினால் அடுத்த வண்டிக்கு வரியில் சலுகையும் உண்டு. ஆனால் ஓடாத ஒரு பழைய காரை டோ செய்து எங்கேயோ தூரத்துக்குக் கொண்டுபோகிற செலவுக்குப் பக்கத்துக் கடைக்காரர் கையில் ரொக்கமாகத் தருகிறாரே, எவன் போவான்? டெல்டாவில் மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும், இதே கடைக்காரர்களைச் சேர்த்துப் பயிற்சியும், சிமெண்ட் தளமும், வாயு உறிஞ்சுகிற இயந்திரமும் கொடுத்து அவர்களையே நடத்தச் சொல்ல வேண்டும். உடைக்கத் தெரியாமல் வெடிக்காத ஏர்பேக்கில் கை வைக்கிற பையன்களின் உயிருக்கும் அதுதான் பாதுகாப்பு. கூலி எங்கிருந்து என்றால், மேலே சொன்ன நிதியிலிருந்துதான்.

மாநில அரசிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். தாமிர உருக்காலை, துத்தநாக உருக்காலை, தோல் பதனிடுதல் போன்றவற்றோடு கப்பல் உடைக்கும் தொழிலும் டெல்டாவில் கூடாது என்று அதன் பட்டியலில் இருக்கிறது. கப்பலை உடைத்தால் நிலம் கெடும் என்று தெரிந்தவர்கள், வாய்க்கால் கரையில் தினமும் கார் உடைபடுவதையும் பார்க்க வேண்டாமா? தடை செய்யச் சொல்லவில்லை, ஆறு, வாய்க்கால், குளத்திலிருந்து இத்தனை தூரம் தள்ளித்தான் உடைக்க வேண்டும், தரை பூசியிருக்க வேண்டும் என்றாவது ஒரு விதி போடலாமே. காவல் நிலைய வாசல்களில் மணல் கடத்தலில் பிடித்த லாரிகளும் டிராக்டர்களும் மக்கி மண்ணோடு மண்ணாகக் கிடப்பது தனிக் கதை. பறிமுதல் வண்டிகளை நீண்டநாள் அப்படிப் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லிவிட்டது.

கடைசியாக, எங்களுக்கே உரிய ஒரு விஷயம். 2025 விதிகளில் விவசாய டிராக்டர், டிரெய்லர், பவர் டில்லர், கதிர் அறுக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். விவசாயிக்குச் சுமை வேண்டாம் என்ற நல்ல எண்ணமாக இருக்கலாம். காலாவதியான வண்டியை உடைக்க ஒப்படைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து எங்களுக்கு விலக்குக் கொடுங்கள், நன்றி. ஆனால் செய்கிற கம்பெனிக்கு ஏன் விலக்கு? அறுவடைக் காலத்தில் டெல்டா முழுக்க ஓடுகிற அந்த இயந்திரங்களும் ஒருநாள் இதே வாய்க்கால் கரையில்தான் உடைபடப் போகின்றன, ஹைட்ராலிக் ஆயிலும் பெல்ட்டும் ரப்பர் டிராக்கும் எங்கள் மண்ணில்தான் ஊறப்போகின்றன. உரிமையாளருக்கு விலக்கு, தயாரிப்பாளருக்குப் பொறுப்பு என்று பிரித்து எழுதினால் போதும்.

வரும் மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் இதை மனுவாகக் கொடுக்கப்போகிறேன். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து விவசாயிகளும் அவரவர் மாவட்டக் கூட்டத்தில் கொடுத்தால் நன்றாக இருக்கும், மனுவோடு உங்கள் ஊர் மதகில் சிக்கியிருப்பதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.