திரியானாவில் உதவிய பெரியவருக்கு நன்றி

ஸ்பெயினின் செவில் நகரில், குவாதல்கிவீர் ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள திரியானா பகுதியில், தபாஸ் எனப்படும் சிறு தட்டு உணவுகளைப் பரிமாறும் சிறிய கடையொன்றில் என்ன கேட்பதென்று தெரியாமல் நின்ற எங்களுக்குத் தாமாக முன்வந்து உதவிய, பெயர் அறியாத பெரியவருக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அங்கே இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கூட்டம் சேர்கிறது. அக்கம்பக்கத்தார் பலரும் நாற்காலிக்குக் காத்திராமல் நின்றபடியே சாப்பிடுகிறார்கள். என் மனைவி சைவம் என்பதைச் சைகையிலேயே புரிந்துகொண்ட அவர், தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்துக் குளிரவைத்த சால்மோரேஹோ என்னும் கெட்டியான சூப்பின் மேல் வழக்கமாகத் தூவும் முட்டையையும் பன்றித் தொடைக்கறித் துணுக்குகளையும் தவிர்க்கும்படி பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டு, சீரகம் மணக்கும் கீரைக் கொண்டைக்கடலையையும் எங்களுக்காகக் கேட்டு வாங்கினார். (நம் வீட்டுக் கூட்டுக்கு அது தூரத்து உறவு என்றே சொல்லலாம்.) ஒரே பண்டத்தைத் தபா, அரைத்தட்டு, முழுத்தட்டு என மூன்று அளவுகளில் தருவார்கள் என்பதையும், முதலில் சிறியதையே கேட்பது நல்லது என்பதையும் கைகளால் அளவு காட்டி விளக்கியவரும் அவரே.

கடைக்காரர் மரமேடையின் மீதே சாக்குக்கட்டியால் எங்கள் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அவர் கிளம்பிவிட்டார். கீரைத் தட்டுக்கு அவரே பணம் கொடுத்திருந்தது அதன் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.