ஓட்டு சதவீதத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தேர்தல் வரலாற்றை அட்டவணையாகப் போட்டிருந்தீர்கள். 1962இல் 139 இடம், 1967இல் 51 இடம். கீழே, '1967இல் மக்கள் காங்கிரசைத் தூக்கி எறிந்தார்கள்' என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

அந்தத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது 41 சதவீதம். தி.மு.க. வாங்கியது அதைவிட ஒரு துளி குறைவு. 1962ஐ விட லட்சக்கணக்கில் கூடுதல் ஓட்டு விழுந்தும் காங்கிரஸ் தோற்றது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்டுகள், முஸ்லிம் லீக் எல்லோரும் தி.மு.க.வோடு கைகோத்து, எதிர் ஓட்டு சிதறாமல் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் விருதுநகரில் காமராஜரே 1285 ஓட்டில் தோற்றார். அரிசித் தட்டுப்பாட்டில் ஜனங்களுக்குக் கோபம் இருந்தது, இந்தித் திணிப்பில் கோபம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் நூற்றுக்கு 41 பேர் கூட நின்ற கட்சியை அப்படி எழுதலாமா?

ஓட்டு கரைந்தது அதற்கு அப்புறம். 1969இல் கட்சி இரண்டானது. 1971இல் இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வோடு சேர்ந்து பார்லிமென்டுக்கு மட்டும் நின்றது. சட்டசபைக்கு ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. காமராஜரின் பழைய காங்கிரஸ் சட்டசபைக்கு 35 சதவீதம் வாங்கியும் கிடைத்தது 15 இடம்தான். கட்சியின் பழைய இரட்டைக் காளைச் சின்னம் போய்விட்டது. அவர் பக்கத்துக்கு ராட்டை நூற்கும் பெண், இந்திரா பக்கத்துக்குப் பசுவும் கன்றும். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அம்மா, "பெரிய சீட்டு, சின்னச் சீட்டு எதுவும் எனக்குப் புரியலை, மாட்டைப் பார்த்துக் குத்திட்டேன்" என்றாள். அப்பா கடைசிவரை காமராஜர் ஆள். "அது இந்திராம்மா மாடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு வெளியே போனார். இரவு வெகு நேரம் திரும்பவில்லை.

1989இல் மூப்பனார் தலைமையில் காங்கிரஸ் தனித்து நின்றது. ஆசிரியர் வேலையில் இருந்த நான் ஓட்டு எண்ணப் போயிருந்தேன். சீட்டுகளைப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டு அடுக்க அடுக்க, கைச் சின்னக் கட்டும் சளைக்காமல் உயர்ந்துகொண்டே வந்தது. மாநிலம் முழுக்க ஏறக்குறைய 20 சதவீதம், இடம் 26. இரண்டே வருஷத்தில் அ.தி.மு.க. கூட்டணியில் 15 சதவீதம், இடம் 60! உங்கள் அட்டவணையை மட்டும் பார்ப்பவர், 1991இல் கட்சி இரண்டு மடங்கு வளர்ந்துவிட்டது என்றுதான் நினைப்பார். நின்றதே 65 இடத்தில் என்று தெரிந்தால்தானே கணக்குப் புரியும்? மற்ற தொகுதிகளில் காங்கிரஸ்காரர்கள் இரட்டை இலைக்குக் குத்தினார்கள், அதற்குப் பின் சூரியனுக்கும் குத்தினார்கள். 2014 பார்லிமென்டுத் தேர்தலில் மறுபடி தனித்து நின்றபோது 4 சதவீதம் சொச்சம்தான் மிஞ்சியது.

ஆகவே அதே அட்டவணையை, போட்டியிட்ட இடம், ஓட்டு சதவீதம் என்று இரண்டு பத்திகள் சேர்த்து மறுபடியும் வெளியிட வேண்டுகிறேன். பத்தாவது படிக்கும் என் பேத்தி ஞாயிற்றுக்கிழமையே அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவிட்டாள். பக்கத்துத் தாளைக் காலியாக விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
விருதுநகர்.