பென்சில் கணக்கு

பாம்பன்
3.8.2025, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்கிறாய். கடிதத்துக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. ஓய்வாக ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போகிறாய், மத்தியானம் எங்கே சாப்பிடுகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள். நானாகக் கேட்கவில்லை. வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் போடு.

இங்கே கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது. பெருக்கிய வாசலில் அரை மணி நேரத்தில் மணல் ஏறிவிடுகிறது. தென்கடல் கலங்கிக் கிடக்கிறது. புதுப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்து நாலு மாதமாகிறது. விடியற்காலையில் அந்தச் சத்தம் கேட்டால் உன் அம்மா எழுந்து உட்கார்ந்து, "மெட்ராஸ் வண்டி" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுப்பாள். தினமும் நடக்கிறது. உனக்குச் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள், சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 15 அன்று சபையில் உபவாச ஜெபம். 'தேசத்தின் எழுப்புதல்', அதாவது நாடே மனம்திரும்புவது, என்ற தலைப்பில் அரை மணி நேரம் பேச நம் சபைப் போதகர் ஐயர் என்னைக் கேட்டிருக்கிறார். முப்பது வருசமாக நான் ஜெபித்துவரும் தலைப்பு, உனக்குத் தெரியாததா? செவ்வாய்க்கிழமை வீட்டு ஜெபத்தில் நான் அதைத் தொடங்கும்போதே நீ தூங்கிவிடுவாய். அக்காதான் உன்னைக் கிள்ளுவாள்.

ஒரு நோட்டில் குறிப்பு எடுத்தேன். முதலில் வேதாகமத்து யோசியா ராஜா. எட்டு வயதில் சிங்காசனம் ஏறியவன். அவன் ஆண்ட பதினெட்டாவது வருசம் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்தது. அதை வாசிக்கக் கேட்டதும், ஊரைக் கூட்டுவதற்கு முன்னால், தன் வஸ்திரத்தைத்தான் கிழித்தான். அடுத்தது 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் ஊழியர் அருளப்பன் காலத்து எழுப்புதல். வெள்ளைக்காரர் யாரும் நடத்தியதல்ல, நம் ஆட்கள் நடுவிலேயே கிளம்பியது. ஜனங்கள் நாலு பேருக்கு முன்னால் தங்கள் குற்றத்தைச் சொல்லி அழுதார்கள். அப்புறம் 1904, வேல்ஸ் தேசத்து எழுப்புதல், அதில் பிரசங்கித்த இவான் ராபர்ட்ஸ். சிறுவயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவர், அப்போது 26 வயது. அந்தச் சுரங்கக் குதிரைக் கதை உனக்கு ரொம்பப் பிடிக்கும். மனம்திரும்பிய தொழிலாளிகள் கெட்டவார்த்தையை விட்டுவிட்டதால், குதிரைகளுக்குக் கட்டளை விளங்காமல் அப்படியே நின்றுவிட்டன என்பார்கள். "அப்போ குதிரைக்கு யாருப்பா புதுசா பாஷை சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாய். உனக்கு ஆறு வயது. அதைச் சபையில் நான் எத்தனை தடவை சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன் தெரியுமா?

உன் தாத்தா எழுப்புதல் என்ற வார்த்தையை நம்பமாட்டார். 64 புயலுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் நிற்க இடமில்லையாம். தனுஷ்கோடியில் ரயிலோடு ஜனங்கள் போன பயம். குடித்தவன் குடியை விட்டான், பேசாத அண்ணன் தம்பி பேசினார்கள். "பங்குனி பொறக்கறதுக்குள்ள எல்லாம் பழையபடி ஆயிருச்சு. கடல் வத்துனதும் பயமும் வத்திருச்சு" என்பார். பயத்தில் வருவது நிற்காது என்று இதையும் குறிப்பில் எழுதினேன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது, தம்பி. இப்போது நாட்டில் பார். கையெழுத்துக்குக் காசு, ஓட்டுக்குக் காசு, பாலில் தண்ணீர், எல்லார் கையிலும் வேதமும் கீதையும் குர்ஆனும். இது ஏன் என்று ஒரு பக்கம் எழுதினேன்.

அப்புறம் குடோன் கூரை ஒழுகியது.

பழைய ஷீட்டைக் கழற்ற ஆள் வந்தார்கள். பரணில் இருந்த சாக்கு, சிட்டை எல்லாவற்றையும் இறக்கினோம். 2003-ஆம் வருசத்துப் பாசிச் சிட்டை, கரையில் கடல்பாசி வாங்கிய கணக்கு நோட்டு, கையில் கிடைத்தது. யோசியாவுக்கும் கூரை வேலையில்தான் புஸ்தகம் கிடைத்தது என்று ஐயர் கேட்டால் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேர், தேதி, எடை, தொகை, எல்லாம் என் கையெழுத்து, நீல மை. ஓரத்தில், கோடு போடாத இடத்தில், பென்சிலில் உன் கையெழுத்து. ஒவ்வொரு வரிக்கும் நேராக 900, 900, 900. கடைசிப் பக்கத்தின் அடியில் நீயே கூட்டியிருக்கிறாய். 236 வரி, 212 கிலோ 400 கிராம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி விடைக்குக் கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறாய்.

அந்தச் சீசன் முழுக்க என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் எடை சொல்லச் சொல்ல, இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாயா?

நீ மறந்திருக்கமாட்டாய். நான் மறந்துவிட்டதாக இருபது வருசம் நடந்துகொண்டேன். நம்மிடம் இரண்டு 20 கிலோ கல் இருந்தன. ஒன்று விற்க, ஒன்று வாங்க. வாங்குகிற கல்லின் அடிக்குழியில் ஈயம் கூடுதலாக ஊற்றியிருந்தேன். நீ ஒரு மத்தியானம் தராசில் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று வைத்தாய். தட்டு இறங்கியது. நீ 500 எடுத்து வைத்தாய், 200 வைத்தாய், இன்னொரு 200 வைத்தாய், முள் நேரானது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. கேட்காத பிள்ளையை நான் ஏன் அடித்தேன்? "படிக்கிற வேலையைப் பாரு" என்று சொல்லி அறைந்தேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ராத்திரி வழக்கம்போல வீட்டு ஜெபம். தேசத்துக்காகக் கண்ணீர்விட்டு ஜெபித்தேன். கண்ணீர் நிஜம்தான், தம்பி. அதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை.

நியாயம் என்று ஒன்றை அப்போது வைத்திருந்தேன். மரிக்கொழுந்துப் பாசிக்கு மதுரைப் பக்கத்துக் கம்பெனிக்காரர் மணல், ஈரம் என்று கழிவு பிடிப்பார். அவர் என்னிடம் பிடிப்பதை நான் கரையில் பிடிக்கிறேன், அவ்வளவுதானே என்று. ஆனால் அந்தக் கழிவைக் கணக்கில் எழுதித்தான் பிடித்தேன். கல்லில் இருந்த 900 கிராம் அதற்கு மேல். அம்மாவுக்கும் தெரியாது. இப்போது தெரியும்.

நீதிமொழியைத் தேதிப்படி வாசிப்போமே. 1-ஆம் தேதி முதல் அதிகாரம், 2-ஆம் தேதி இரண்டாவது. 11-ஆம் தேதி வந்தால் "இன்னைக்குச் சங்கீதம் வாசிப்போம்" என்பேன். அக்கா கவனிக்கவில்லை, அம்மா கவனிக்கவில்லை. நீ ஒரு ராத்திரி வேதாகமத்தை அந்தப் பக்கத்தில் திறந்து, விரலை வைத்து, என் கையில் கொடுத்தாய். "அப்பா, இன்னைக்குத் தேதி 11." விளக்கு மங்கலாக இருக்கிறது, கண் தெரியவில்லை என்றேன். கள்ளத்தராசைப் பற்றிய அந்த முதல் வசனத்தை உனக்கு எழுதத் தேவையில்லை. அதற்குப் பிறகு நீ ஜெபத்தில் வாய் திறந்ததே இல்லை. ஏன் பையன் இப்படி ஆகிவிட்டான் என்று ஐயரிடம் போய் உனக்காக ஜெபிக்கச் சொன்னேன்!

1994-இல் ஆரம்பித்தது 2008-இல் நின்றது. மனம்திரும்பி நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். எலக்ட்ரானிக் தராசு வந்தது, அதனால் நின்றது.

போன டிசம்பர் 31 ராத்திரி நீ ஆராதனைக்கு வரவில்லை. நாங்கள் ஒரு மணிக்குத் திரும்பும்போது மாடியில் உன் சிகரெட் நெருப்பு தெரிந்தது. (அம்மா பார்க்கவில்லை. விட்டுவிடு, நெஞ்சு கெட்டுப்போகும்.) அடுத்த நாள் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னாய்: "தேசத்துக்கெல்லாம் என்னம்மா அவசரம், முதல்ல குடோனுக்கு வரட்டும்." நான் வெளியே கால் கழுவிக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது. ஊரெல்லாம் "மகன் ஆடிட்டர்" என்று சொல்லித் திரிகிறேன், பெற்றவனை இப்படியா பேசுவது என்று ஏழு மாதம் அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நீயும் அளவாகத்தான் பேசினாய். இரண்டு நிமிசம், உடம்பு எப்படி, மாத்திரை இருக்கா, சரிப்பா.

சிட்டையை எடுத்துக்கொண்டு போன வாரம் சின்னப்பாலம் ஊருக்குப் போனேன். முதல் பக்கத்தில் முதல் பேர், உனக்குத் தேன்குழல் கொடுப்பார்களே, அந்த அக்கா. இப்போது கடலுக்குப் போவதில்லை, மகள் போகிறாள். நான் போனபோது மகள் தீவுப் பக்கம் போய்வந்து விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பாறையில் பாசி பிய்த்துப் பிய்த்து நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தது. 86-இல் தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கியதிலிருந்து அவர்களுக்குப் பாரஸ்ட்காரர் பயம் ஒரு பக்கம், கரைக்கு வந்தால் எங்களைப்போல வியாபாரி ஒரு பக்கம். மூச்சடக்கி முங்கி எடுத்ததில் சாக்குக்கு 900 கிராம்.

திண்ணையில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன். ஏய்த்து வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்ற வேதாகமத்துச் சகேயுவைப்போல நாலு மடங்கு என்று கணக்குப் போட்டுக் கவரில் கொண்டுபோயிருந்தேன். அழுவார்கள், மன்னித்தோம் முதலாளி என்பார்கள் என்று ஏதோ நினைத்துப் போயிருக்கிறேன். அந்த அக்கா கவரைப் பிரித்து, எச்சில் தொட்டு, இரண்டு தடவை எண்ணினார்கள். அப்புறம் கேட்டார்கள்: "இது ஒரு வருசத்துக்கு. மத்த வருசத்துக்கு?"

மற்ற வருசத்துச் சிட்டை இல்லை, கரையான் தின்றுவிட்டது என்றேன். "கல்லு கூடங்கிறது எங்களுக்கு அப்பவே தெரியும். உங்ககிட்ட முன்பணம் வாங்கித்தானே பிள்ளைக்குப் பீஸ் கட்டினோம். வேற எங்க கொண்டுபோய்ப் போடுறது?" என்றார்கள். காபி தரவில்லை. அந்த வீட்டில் காபி தராமல் என்னை அனுப்பியது அதுதான் முதல் தடவை. அது எனக்கு வேண்டியதுதான்.

தெரிந்தே இருந்திருக்கிறார்கள். பதினாலு வருசம் தெரிந்தே, கிறிஸ்துமஸ் கீத பவனி வரும்போது வாசலில் கோலம் போட்டு நின்றார்கள். நான் அவர்கள் வாசலிலும் தேசத்துக்காக ஜெபித்தேன். தேசத்துக்காக ஜெபிப்பதில் ஒரு சௌகரியம், தேசம் திண்ணையில் உட்கார்ந்து எச்சில் தொட்டு எண்ணாது.

இதுவரை பதினொரு வீடு போயிருக்கிறேன். மூன்று பேர் இறந்துவிட்டார்கள், பிள்ளைகளிடம் கொடுத்தேன். ஒருத்தி வாங்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா தன் இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள், நான் கேட்கவில்லை. நீ பணம் அனுப்பாதே. இதில் உன் காசு ஒரு ரூபாய்கூடச் சேரக்கூடாது. அந்தக் கல்லை அம்மா நார்த்தங்காய் ஜாடி மூடிமேல் வைத்திருக்கிறாள், கடலில் போடப் போனேன், விடவில்லை. "போட்டா மறந்துருவீங்க" என்கிறாள்.

15-ஆம் தேதி என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஐயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதையே பேசுங்கள்" என்கிறார். அவருக்கென்ன, மாற்றலாகிப் போய்விடுவார். அக்காவின் மாமனார் முன்வரிசையில் உட்காருவார். அக்காவை நினைத்தால் கை நடுங்குகிறது. வேல்ஸ் கதையைப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று காலையில் தோன்றுகிறது, ராத்திரியில் தோன்றுவதில்லை. நீ வரவேண்டும் என்று கேட்கவில்லை. 15 வெள்ளிக்கிழமை, லீவுதான், சனி ஞாயிறு சேர்ந்து வருகிறது, அதைச் சொன்னேன். ராத்திரியில் வண்டி ஓட்டி வராதே, ரயிலில் வா. வந்தால்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். அதற்குத்தான் இவ்வளவும். சிட்டையில் 19 பேருக்கு நேராக, 900-க்குப் பக்கத்தில், பென்சிலால் சின்ன வட்டம் போட்டிருக்கிறாய். அந்த அக்கா பேருக்கும் வட்டம் இருக்கிறது. எடை கூடக் குறைய உள்ளவர்களா என்று பார்த்தேன், இல்லை. முன்பணம் வாங்கியவர்களா என்று பார்த்தேன், அதுவும் ஒத்துவரவில்லை. உன் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களோ என்று உன் அம்மா சொல்கிறாள். எனக்குப் பிடிபடவில்லை. அந்த வீடுகளுக்கு வேறு கணக்கு ஏதாவது இருக்கிறதா? தெரியாமல் போய் நிற்க மனசில்லை.

எழுத நேரமில்லை என்றால் போனில் சொல்லு. மீட்டிங் முடிந்து ராத்திரியில் கூப்பிடு. பதினொரு மணி வரை முழித்துத்தான் இருப்பேன்.

அப்பா