கீழக்கரைக்கு வரவிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கட்டடக்கலை படிக்கும் தோழர்களுடன் மதுரையிலிருந்து புறப்பட்டு, எங்கள் கரையோரத்துப் பள்ளிவாசல்களையும் தர்காக்களையும் பார்க்க வருவதாக எழுதியிருந்தாய். வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை, "நாங்கள் உள்ளே வரலாமா ஐயா?" என்று கேட்டு எழுதியதைப் படித்தபோது மனம் கனத்தது. தர்காக்களுக்கு எல்லாச் சமயத்தாரும் காலங்காலமாக வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரம் தவிர்த்து வந்து, பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்லும் மோதினாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

மதுரையை விட்டுக் கிளம்புமுன் கோரிப்பாளையம் தர்காவைப் பார்த்துவிடு. அதன் பெரிய குவிமாடத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். நீ அங்குள்ள கல்வெட்டையும் கேட்டுப் பார். பாண்டியர் காலத்தில் தர்காவுக்குக் கிடைத்த ஊர்களின் உரிமையில் பிற்காலத்தில் வழக்கு எழ, வீரப்ப நாயக்கர் 1573இல் அதை விசாரித்து உறுதிசெய்த செய்தி அதில் இருக்கிறது.

ஆனால் நான் உன்னை வரச் சொல்வது கீழக்கரை ஜும்மா பள்ளிக்காகத்தான். பதினேழாம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி எழுப்பிய பள்ளி அது. கிழவன் சேதுபதியின் காலத்தவரும் அவருக்கு நெருக்கமானவருமான அந்த மரைக்காயரை, 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற பழமொழியின் வழியே சிறுவயது முதல் நீ அறிவாய். பள்ளிவாசல் என்றதும் மினாராவையும் குவிமாடத்தையும் தேடும் கண்கள் இங்கே ஏமாந்துபோகும். முழுக்கக் கருங்கல்; வரிசை வரிசையாகத் தூண்கள்; மேலே தட்டையான கல் கூரை. ஒரு தூணின் அருகே நின்று அண்ணாந்து பார்த்தால், உத்திரத்தைத் தாங்கும் போதிகையின் நுனியில் வாழைப்பூ மொட்டு தலைகீழாகத் தொங்கும். அதே மொட்டை நீ நாயக்கர் காலக் கோயில் மண்டபங்களில் எத்தனையோ முறை வரைந்திருப்பாய். யாளியும் தெய்வ உருவமும் இருக்க வேண்டிய இடங்களில் மட்டும் கொடியும் பூவும் கோலம் போன்ற பின்னலும் இருக்கும். தொழுகையிடத்தில் உயிருருவம் கூடாது என்பதை ஏற்றுக்கொண்டு, தங்களுக்குக் கைவந்த கலையில் எதையும் குறைக்காமல் இந்த மண்ணின் கல்தச்சர்கள் செய்து முடித்த வேலை அது. விரலால் தடவிப் பார். உளியின் தடம் தெரியும்.

இதை இத்தனை வலியுறுத்தக் காரணம் உண்டு. நான் சிறுவனாகத் தொழுத எங்கள் ஊர்ப் பள்ளியில் இதுபோன்ற பன்னிரண்டு தூண்கள் இருந்தன. இடம் போதவில்லை என்று விரிவாக்கியபோது அவற்றைப் பெயர்த்தெடுத்துவிட்டு, பளிங்கு ஒட்டிய சிமெண்டுத் தூண்களை நிறுத்தினார்கள். செய்தவர்கள் பள்ளியின் மேல் பிரியம் உள்ளவர்கள்தாம். அது கலை என்று எடுத்துச் சொல்ல எங்களில் ஒருவர் கூட அன்று முன்வரவில்லை. இரண்டு போதிகைகள் மட்டும் ஹவுள் என்னும் தண்ணீர்த் தொட்டிக்கருகில் கிடந்தன. அவற்றின் மேல் கால் வைத்துத்தான் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுச் செய்துகொண்டிருந்தோம். ஆகவே நீங்கள் வெறும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. ஒவ்வொரு தூணையும் அளந்து வரைந்து, ஒரு படியைப் பள்ளியை நிர்வகிக்கும் ஜமாஅத்தாரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

நாள் மிஞ்சினால் திருச்சி நத்தர்வலி தர்காவுக்கும் நாகூருக்கும் போங்கள். திருச்சியில், கர்நாடக நவாபு பதவிக்காகப் போரிட்ட சந்தா சாகிபும் முகம்மது அலி வாலாஜாவும் ஒரே வளாகத்தில் அடங்கியிருக்கிறார்கள். நாகூரின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்தது, 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது.

வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டமாக இருக்கும். மற்ற நாட்களில் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த பிறகு மாலை அஸர் தொழுகைக்கான பாங்கு வரை பள்ளி அமைதியாக இருக்கும். அந்த நேரத்தில் வாசலில் உனக்காகக் காத்திருப்பேன். அளவு நாடாவை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
உன் வரலாற்று ஆசிரியர்