ஏற்காடு ஏரியிலும் பூலாம்பட்டி கதவணை நீர்ப்பரப்பிலும் பேடில் போர்டு பயிற்சி, பந்தயங்களுக்கு நிபந்தனையுடன் அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
சேலம், ஏற்காடு, எடப்பாடி வட்டாரங்களைச் சேர்ந்த
பேடில் போர்டு ஓட்டிகள், பயிற்றுநர்கள், பெற்றோர்கள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம் – 636 001.

பொருள்: ஸ்டாண்ட்-அப் பேடில் போர்டு – ஏற்காடு ஏரியில் காலை நேர ஒதுக்கீடு – பூலாம்பட்டியில் பந்தயத் தடம் – கதவணைக்கு மேல் தடைக்கோடு – வாடகைக்கு விடுவோருக்கான பாதுகாப்பு விதிகள் – ஆணை வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நீண்ட பலகையின் மேல் நின்றபடி ஒற்றைத் துடுப்பால் நீரைத் தள்ளிச் செல்லும் பேடில் போர்டு, கடற்கரையோடு நின்றுவிடாமல் ஏரிக்கும் ஆற்றுக்கும் வந்துவிட்டது. நம் மாவட்டத்தில் இரண்டு இடங்களை இதற்குத் திறந்துவிட வேண்டுகிறோம். எந்தெந்த நிபந்தனைகளோடு திறக்க வேண்டும் என்பதையும் இந்த மனுவிலேயே எழுதியிருக்கிறோம். நிபந்தனை இல்லாத அனுமதியை நாங்கள் கேட்கவில்லை. அது கிடைத்தாலும் எங்களுக்கு வேண்டாம்.

இந்த விளையாட்டின் பந்தயங்கள் கடலில் மட்டுமல்ல, அலையில்லாத நீரிலும் நடக்கின்றன. சர்வதேச கேனோ கூட்டமைப்பு தன் முதல் உலக சாம்பியன்ஷிப்பை 2019இல் சீனாவின் சிங்தாவோவில் நடத்தியது. அடுத்தது 2021இல் ஹங்கேரியில், பாலட்டன் என்னும் ஏரியின் கரையில் நடந்தது. 2024 மார்ச்சில் உலகச் சுற்றுப் போட்டி ஒன்று மங்களூரு அருகே சசிஹித்லு கடற்கரைக்கே வந்தது. தமிழ்நாட்டின் சேகர் பச்சை தேசிய அளவில் பட்டம் வென்றவர். ஆனால் நம் மாநிலத்தில் பயிற்சி என்றால் இன்றைக்கும் கோவளம், மாமல்லபுரம் என்று கடற்கரைக்குத்தான் போக வேண்டும். சேலத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். பந்தயப் பலகையின் நீளம் 14 அடி, சிறுவர்களுக்கானது 12 அடி 6 அங்குலம். இதைப் பேருந்தில் ஏற்ற முடியாது. காரின் மேல் கட்டிக்கொண்டு வாரந்தோறும் கடற்கரைக்குப் போய்வரும் வசதி எத்தனை குடும்பத்துக்கு இருக்கிறது?

உள்நாட்டில் இது பரவுவதற்குக் காற்றடைத்த பலகைகளே காரணம். சுருட்டி முதுகுப்பையில் போட்டுக்கொள்ளலாம், சில பத்தாயிரம் ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கின்றன. வாங்குபவருக்குச் சொல்லித்தர ஆளில்லை. 15 பிஎஸ்ஐ அழுத்தம் தேவைப்படும் பலகையில், கை வலிக்கிறது என்று 9, 10இலேயே பம்ப் அடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பலகை நடுவில் தொய்ந்து, நிற்பவரைப் பக்கவாட்டில் கவிழ்த்துவிடுகிறது. பம்பின் முள் முதல் 6, 7 பிஎஸ்ஐ வரை அசையவே அசையாது. பலர் அதைப் பழுது என்று நினைத்து அத்தோடு விட்டுவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. முழு அழுத்தத்தில் அடைத்த பலகையை ஏப்ரல் வெயிலில் கரையில் போட்டுவிட்டுப் போனால், உள்ளே 3 பிஎஸ்ஐக்கு மேல் ஏறி ஓரத் தையல் பிரிந்துவிடும். இவற்றைப் பயிற்சியில் திருத்திவிடலாம். திருத்த முடியாதது ஆற்றின் நீரோட்டம். அதனால்தான் பூலாம்பட்டியைப் பற்றி முதலில் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூலாம்பட்டிக்கும் எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையில் கதவணை தேக்கிவைக்கும் காவிரி, பந்தயத்துக்கு அமைந்த நீர். அகலமானது, ஆழமானது, கரைக்குச் சாலை வசதி உண்டு. ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. மேட்டூர் அணை டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுகிறது. அந்த மாதங்களில் இங்கே ஓட்டம் இருக்கும். அணை 120 அடியைத் தொட்டு 16 கண் மதகு வழியாக உபரிநீர் வந்தால் விசைப்படகே நிறுத்தப்படுகிறது. பலகைக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே பிப்ரவரி முதல் மே வரை மட்டும், அதுவும் காலையில் மட்டும் அனுமதி போதும். பத்து மணிக்கு மேல் காற்று ஏறிவிடும். நின்றிருப்பவரின் உடம்பே பாயாக மாறிப் பலகையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பராமரிப்புக்காகக் கதவணையில் நீரை வெளியேற்றும் நாட்களிலும் தடை வேண்டும்.

கதவணைக்கு மேல்பக்கம் நீர் அசையாததுபோல் தெரியும். மேற்பரப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்காது. ஆனால் ஷட்டர் சற்றுத் திறந்திருந்தாலும், மின்நிலைய டர்பைன் ஓடிக்கொண்டிருந்தாலும், அடியில் இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். நுழைவாயிலின் சல்லடைக் கம்பியில் ஒருவர் ஒட்டிக்கொண்டால் நீரின் எடையே அவரை அங்கு அழுத்திப் பிடித்துவிடும், எத்தனை நன்றாக நீந்தத் தெரிந்தவரானாலும். 2021 அக்டோபர் 30 அன்று பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், ஹேவர்ஃபோர்டுவெஸ்ட் என்னும் ஊரில், மழையால் பெருகியிருந்த ஆற்றில் பேடில் போர்டில் சென்ற குழு தாழ்வான தடுப்பணை ஒன்றைத் தாண்ட நேர்ந்தபோது நான்கு பேர் இறந்தார்கள். அரசின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு அறிக்கை வெளியிட்டது. பயணத்தை நடத்திய நிறுவனத்தின் உரிமையாளருக்கு 2025இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தடுப்பணை அங்கே இருப்பது ஊருக்கே தெரியும். பலகையில் வந்தவர்களுக்கு அதைப் பற்றி உரிய எச்சரிக்கை தரப்படவில்லை. பூலாம்பட்டியில் அப்படி ஒன்று நடந்த பிறகு விதி எழுதும் நிலை வரக்கூடாது என்பதே இந்த மனுவின் அவசரம்.

எனவே கதவணைக்கு 500 மீட்டர் மேலே, கரையிலிருந்து கரைவரை ஆரஞ்சு நிற மிதவைக் கோடு ஒன்றைக் கட்ட வேண்டும். நீர்மட்டம் ஏறி இறங்கும் என்பதால் கயிறு தளராமலிருக்க எதிரெடை தேவை. பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதந்து பலகையின் ஃபின்னில், அதாவது அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டில், சிக்கும். மூழ்கும் நைலான் கயிறுதான் சரி. மணல் மூட்டை நங்கூரம் சேற்றில் நழுவுகிறது. வளையம் பதித்த சிமென்ட் கட்டை நகராது. எதிர்க்கரை ஈரோடு மாவட்டம் என்பதால் அம்மாவட்ட ஆட்சியர் அவர்களின் ஒப்புதலும், கதவணையை இயக்கும் மின்துறையின் ஒப்புதலும் தேவைப்படும். அதைத் தங்கள் அலுவலகம் வழியாகத்தான் பெற முடியும்.

பந்தயத் தடத்தை விசைப்படகுப் பாதையைக் குறுக்கிடாமல், அதற்கும் மேலே, சேலம் கரையை ஒட்டியே வைத்துக்கொள்ளலாம். 500 மீட்டர் இடைவெளியில் இரண்டு திருப்ப மிதவைகள், ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர், ஆறு சுற்றோடு முடிந்துவிடும். போட்டியாளர் முதலில் நீரோட்டத்தை எதிர்த்துப் போய், பிறகு அதனோடு திரும்ப வேண்டும். களைத்தவர் நிறுத்தினாலும் மிதந்து முடிவுக்கோட்டின் அருகே வருவார். முடிவுக்கோட்டிலிருந்து தடைக்கோட்டுக்கு இடைவெளி நிறையவே இருக்க வேண்டும், அங்கே மீட்புப் படகு நிற்க வேண்டும்.

அடுத்தது லீஷ், அதாவது ஓட்டியைப் பலகையோடு பிணைக்கும் கயிறு. ஓடாத நீரில் சுருள் லீஷைக் கணுக்காலிலோ முழங்காலுக்குக் கீழோ கட்டலாம். விழுந்தால் காற்றில் பலகை ஓடிவிடாமல் காக்கும். ஓடும் நீரில் அதே கணுக்கால் லீஷ் உயிரை வாங்கும். கயிறு வேரிலோ தூணிலோ மாட்டிக்கொண்டால் ஓட்டம் உடம்பைக் கீழ்ப்பக்கமாக இழுத்து நீட்டிவிடும். குனிந்து கணுக்காலைத் தொட முடியாது. ஆற்றில் இடுப்பு பெல்ட்டில் பொருத்தி, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் வகை மட்டும்தான் பயன்பட வேண்டும். வாடகைக்கு விடுபவர் யாராயினும் காவிரியில் கணுக்கால் லீஷ் தரக்கூடாது என்று ஆணையிலேயே எழுத வேண்டுகிறோம். இந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். லைஃப் ஜாக்கெட் ஃபோம் அடைத்ததாக, விசில் உள்ளதாக இருக்கட்டும். இடுப்புப் பையில் மடித்து வைத்து, இழுத்தால் காற்று ஏறும் வகை கற்றுக்கொள்பவருக்கு உதவாது. நீரில் தடுமாறும்போது அதை எடுத்துத் தலையில் மாட்ட அவருக்கு நிதானம் இருக்காது.

ஏற்காடு ஏரியில் ஓட்டம் இல்லை, ஆகவே கற்றுக்கொள்பவருக்கு அதுவே ஏற்றது. அங்கே சிக்கல் வேறு. மிதிபடகும் மோட்டார் படகும் ஓடத் தொடங்கிவிட்டால் அந்த அலையில் புதியவர் நிற்க முடியாது. பலகை மோதிப் பயணிகளுக்கும் காயம் படலாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுச் சவாரி தொடங்கும் முன், காலை 6 முதல் 8.30 வரை எங்களுக்குத் தந்தால் போதும். மூடுபனியில் எதிர்க்கரை தெரியாத நாட்களில் இறங்க மாட்டோம். ஏப்ரல், மே மாலைகளில் சேர்வராயன் மலையில் இடி மின்னல் சட்டென்று வந்துவிடும். நடு ஏரியில் நிமிர்ந்து நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைந்தால் எல்லோரும் கரையேற வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் இறங்கக்கூடாது. மின்னல் எச்சரிக்கை தரும் ‘தாமினி’ செயலியைப் பார்த்துச் சொல்ல கரையில் ஒருவர் இருக்க வேண்டும்.

ஏரியின் ஆழத்தை ஒருமுறை அளந்து தரக் கோருகிறோம். பந்தய ஃபின்கள் 20 சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கும். அது தரை தட்டினால் பலகை சட்டென்று நிற்கும், ஓட்டி முன்னால் தலைகுப்புற விழுவார். குறைந்தது ஒரு மீட்டர் ஆழம் உள்ள இடத்தில்தான் 200 மீட்டர் விரைவுப் பந்தயத் தடம் போட முடியும். கரையோரச் சேற்றில் கால் புதையாமல் ஏறி இறங்க, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் மிதக்கும் மேடை ஒன்றும், 14 அடிப் பலகை படுக்க 16 அடி நீளத்தில் நிழற்கூரை ஒன்றும் வேண்டும். வேறு கட்டுமானம் எதுவும் கேட்கவில்லை. நீரின் தரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதம் ஒருமுறை பரிசோதித்து, முடிவைப் படகு இல்லத்தில் ஒட்டினால் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு நம்பிக்கை வரும்.

வேண்டாத இடங்களையும் சொல்லிவிடுகிறோம். மூக்கனேரியின் மண் திட்டுகளில் பறவைகள் தங்குகின்றன. பலகை ஓசையில்லாமல் நெருங்குவதால் கூட்டமாகக் கிளம்பிவிடும். அங்கே எங்களுக்கும், வாடகைக்கு விடுவோருக்கும் அனுமதி தரக்கூடாது. மேட்டூர் நீர்த்தேக்கமும் இப்போதைக்கு வேண்டாம். அகன்ற பரப்பில் காற்று அலை எழும். நீர்மட்டம் சரியும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் தேவாலய கோபுரமும் வெளியே தெரிவதைப் பார்க்கிறோம். அவை முழுதாகத் தெரிவதற்கு முன் நீருக்கு அரையடி கீழே இருக்கும் நாட்கள்தான் ஆபத்தானவை.

காவிரியில் மீனவர்கள் இரவில் போடும் வலையைக் காலையில்தான் எடுக்கிறார்கள். அவர்கள் எடுத்து முடித்த பிறகே தடம் திறக்க வேண்டும்; எந்தப் பகுதி என்பதை அவர்களிடம் கேட்டே குறிக்க வேண்டும். வலை கிழிந்தால் நடத்துபவர் ஈடு கட்ட வேண்டும். மீட்புப் பணிக்கு வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவதை நாங்கள் விரும்பவில்லை. அந்த நீரை அறிந்தவர்கள் பூலாம்பட்டிப் படகோட்டிகளும் பரிசல்காரர்களும்தான். 20 மீட்டர் வீச்சுக்கயிறு, முதலுதவி, மார்பழுத்தப் பயிற்சி ஆகியவற்றைத் தீயணைப்புத் துறை வழியாக அவர்களுக்குத் தந்து, பத்துப் பலகைக்கு ஒரு படகு என்ற கணக்கில் கூலியோடு அமர்த்தலாம்.

ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்குப் பலகையைக் கொண்டுபோகும் முன் கழுவிக் காயவைப்பதும் கட்டாயமாக வேண்டும். ஃபின் பெட்டியில் சிக்கிய ஆகாயத்தாமரைத் துண்டு ஒன்று போதும், மலைமேல் ஏரியை மூடிவிட.

உள்நாட்டு நீர்க்கலன்கள் சட்டம், 2021 இயந்திரம் இல்லாத கலன்களுக்கும் தனி அத்தியாயம் வைத்திருக்கிறது. அதன்கீழோ, தங்கள் அதிகாரத்தில் உள்ள வேறு ஆணையின்கீழோ இவற்றை வெளியிடலாம். 50 மீட்டர் நீந்தவும், இரண்டு நிமிடம் ஒரே இடத்தில் மிதக்கவும் முடிந்தவருக்கு மட்டும் அனுமதிச் சீட்டு தரலாம். அந்தச் சோதனையை மாவட்ட விளையாட்டு அலுவலர் நீச்சல் குளத்தில் நடத்தலாம்.

மேட்டூர் பாசன நீர் ஜனவரி 28இல் நிற்கும். பிப்ரவரியில் பூலாம்பட்டியில் தடம் போட வேண்டுமானால், மிதவைக் கோட்டுக்கான கூட்டாய்வு டிசம்பருக்குள் நடக்க வேண்டும். நீர்வளத்துறை, மின்துறை, சுற்றுலா, மீன்வளம், தீயணைப்பு, காவல் துறை அலுவலர்களோடு மீனவர்களையும் படகோட்டிகளையும் அழைத்து, கதவணை இடத்திலேயே அந்தக் கூட்டத்தை நடத்த ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தடத்தின் கைவரைபடத்தை இணைத்துள்ளோம். ஆய்வன்று பலகை, லீஷ் வகைகள், மாதிரி மிதவை ஆகியவற்றைக் கொண்டுவந்து காட்ட ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இடம்: சேலம்
நாள்: 03.11.2025, மக்கள் குறைதீர்க்கும் நாள்

நகல்:
மாவட்ட ஆட்சித்தலைவர், ஈரோடு
மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர், சேலம்
மாவட்ட சுற்றுலா அலுவலர், சேலம்