சீல் உடைத்தது யார்? மதுரை செல்போன் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

டவுன்ஹால் ரோட்டிலும் மேலமாசி வீதியிலும் பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிக் கடைவீதிகளிலும் செல்போன் கடை நடத்தும் உரிமையாளர்களுக்கும், வியாபாரிகள் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பில்லின் அடியில் ஒரு வரி இருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறவோ மாற்றித் தரவோ இயலாது.’ சில கடைகளில் அது அச்சில் இருக்கிறது, சில கடைகளில் ரப்பர் ஸ்டாம்பாக விழுகிறது. இந்த மடல் அந்த வரியைப் பற்றியது. ஒரு கடையின் பெயரைச் சொல்லி ஏசுவது என் நோக்கமல்ல. எங்களுக்கு நேர்ந்ததை அக்கம்பக்கத்தில் சொன்னபோது ஆளுக்கொரு கடையின் பெயரைச் சொல்லி, “எனக்கும் இதே கதைதான்” என்றார்கள். ஆகவே பெயருக்கு இங்கே வேலையில்லை.

என் அப்பா செல்லூரில் விசைத்தறி ஓட்டியவர். காலமெல்லாம் தறிச்சத்தத்தில் நின்றவரின் காது என்ன ஆகும் என்பதைச் செல்லூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறார். புளூடூத் உள்ள மெஷின். பொருத்தமான போன் இருந்தால், எதிர்முனையில் பேசுகிறவரின் குரல் நேராக மெஷினுக்குள்ளேயே கேட்கும், போனைக் காதில் வைத்து அழுத்தி, “என்ன? என்ன?” என்று கத்த வேண்டியதில்லை. அதற்காகத்தான் அவர் சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக்கொண்டு புதுப் போன் வாங்க வந்தார்.

கடையில் அவர் செய்ததைக் கவனியுங்கள். ஒரு காதிலிருந்து மெஷினைக் கழற்றி, கண்ணாடி கவுண்டர் மேல் வைத்தார். அதன் அட்டைப் பெட்டியையும் கையேட்டையும் பக்கத்தில் வைத்தார். “தம்பி, இதோடு சேர்ந்து பேசுகிற போன் வேண்டும். 18,000 ரூபாய்க்குள் பாருங்கள். கேமரா எப்படி இருந்தாலும் பரவாயில்லை” என்றார். கம்பெனி பெயர் சொல்லவில்லை, மாடல் சொல்லவில்லை. கவுண்டரில் நின்ற இளைஞர் கையேட்டைப் புரட்டவில்லை. “புளூடூத் எல்லாம் ஒன்றுதான் ஐயா, எந்தப் போனிலும் சேரும். இதுதான் இப்போது நன்றாகப் போகிறது” என்று ஒரு மாடலை எடுத்து வைத்தார். அவர் அணிந்திருந்த பனியனில் அந்தப் போன் கம்பெனியின் பெயரே இருந்தது. கடையில் நிற்பவர்களில் பாதிப் பேர் கம்பெனிகள் அனுப்பிய புரமோட்டர்கள் என்பதும், எந்த மாடலைத் தள்ளினால் எவ்வளவு ஊக்கத்தொகை என்பதும் உங்களுக்குத் தெரியும். வாங்க வருகிற பெரியவருக்குத் தெரியாது. பெரியவருக்கு அந்த இளைஞர் கடைப்பையன்தான், அவர் சொல்வது கடையின் வாக்குதான்.

புளூடூத் எல்லாம் ஒன்றல்ல. பாட்டுக் கேட்கும் இயர்போனுக்குப் போகிற சாதாரண புளூடூத் வேறு. அது மின்சாரத்தை அதிகம் தின்னும். காது மெஷினின் பொடி பேட்டரி தாங்காது என்பதால், ஆண்ட்ராய்டு போன்களுக்கென்று குறைந்த மின்சாரத்தில் ஒலி அனுப்பும் ‘ஆஷா’ என்ற தனி முறையை கூகுள் 2018-இல் அறிவித்தது. அதன்பின் எல்இ ஆடியோ என்ற இன்னொரு முறையும் வந்திருக்கிறது. எந்தப் போனில் எது இருக்கிறது என்பது போன் தயாரிப்பாளரைப் பொறுத்தது. ‘புளூடூத் 5’ என்று பெட்டியில் போட்டிருப்பதால் மட்டும் இவை இருக்கும் என்று அர்த்தமில்லை. இந்த விவரம் கவுண்டரில் நிற்பவருக்குத் தெரியாமல் இருந்தால் குற்றமில்லை. “தெரியவில்லை ஐயா, சேர்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்” என்று சொல்லியிருக்கலாம்.

ஆனால் சேர்த்துப் பார்க்க முடியாது. இதுதான் என் வழக்கின் மையம். கவுண்டரில் காட்சிக்கு இருந்தது உயிரில்லாத டம்மி. உண்மைப் போன் பெட்டிக்குள், சீலுக்குள் இருந்தது. “பில் போடாமல் சீல் உடைக்கக் கூடாது ஐயா” என்றார்கள். சரி என்று பணம் கட்டினார். பில் வந்த மறுநிமிடம் பெட்டியை உங்கள் ஆள் வாங்கிக்கொண்டார். கட்டர் கத்தியால் சீலைக் கிழித்ததும், மேலே டெம்பர்டு கிளாஸ் ஒட்டியதும், பழைய போனிலிருந்து சிம்மை ஊசி வைத்துக் குத்தி எடுத்துப் புதியதில் செருகி ஆன் செய்ததும் அவர்தான். அப்பா போனைத் தொடுவதற்கு முன்பே கம்பெனியின் கணக்கில் அது ‘ஆக்டிவேட்’ ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து மெஷின் கம்பெனியின் ஆப்பைப் போட்டோம். ஆப் மெஷினைக் கண்டுபிடித்தது. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. பக்கத்து அறையிலிருந்து நான் அழைத்தேன். போன் உரக்க மணி அடித்தது, எடுத்தார், என் குரல் போனின் ஸ்பீக்கரில் வந்தது, மெஷினுக்குள் வரவில்லை. போனின் செட்டிங்ஸில் அணுகல்தன்மை (அக்சஸிபிலிட்டி) பகுதிக்குள் போய்த் தேடினேன். காது மெஷினுக்கென்று வழக்கமாக இருக்கும் பிரிவே அந்தப் போனில் இல்லை.

மறுநாள் காலையிலேயே பெட்டி, சார்ஜர், பில் எல்லாவற்றோடும் போனோம். பணம் கேட்கவில்லை, மேற்கொண்டு கொஞ்சம் போட்டாவது பொருத்தமான போனாக மாற்றிக்கொள்கிறோம் என்றுதான் சொன்னோம். பதில் மூன்று கட்டமாக வந்தது. முதலில், “சீல் உடைந்துவிட்டதே.” அடுத்து, “சர்வீஸ் சென்டரில் டிஓஏ சான்று வாங்கி வாருங்கள், பார்க்கலாம்.” போன் வாங்கும்போதே பழுதாக இருந்தது என்பதற்கான சான்று அது. சர்வீஸ் சென்டரில் போனைச் சோதித்து, ‘பழுது ஏதும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, போனில் பழுது இல்லைதான். அந்தத் தாளோடு திரும்பினால், “பழுதே இல்லாத போனை எதற்கு மாற்ற வேண்டும்?” என்றார்கள். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி ஒரு சலுகை: “செகண்ட் ஹேண்டாக எடுத்துக்கொள்கிறோம், 11,000 தருகிறோம்.” ஒரே இரவில் 7,000 ரூபாய் தேய்மானம். அப்பாவுக்கு அது முழுதாகக் கேட்கவில்லை. நான் திரும்ப உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். விலையில் ஆன்லைன்காரர்களோடு மல்லுக்கட்ட முடியவில்லை. லாபம் சொற்பம். ஆக்டிவேட் ஆன போனை டீலர் திரும்ப எடுப்பதில்லை, வாரண்டி ஓட ஆரம்பித்துவிடுகிறது. கல்யாணத்துக்குப் படமெடுக்க நல்ல கேமரா போனை வாங்கி, விருந்து முடிந்ததும் “நிறம் பிடிக்கவில்லை” என்று கொண்டுவருபவர்களும் உண்டு. மனம் மாறியவருக்கெல்லாம் திருப்பித் தர வேண்டும் என்று நம் சட்டத்தில் இல்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

ஆனால் எங்கள் கதை மனம் மாறிய கதையல்ல. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 16-ஆவது பிரிவு, வாங்குபவர் தனக்கு இன்ன காரியத்துக்காகப் பொருள் வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தக் காரியத்துக்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும் என்பதை விற்பனையின் நிபந்தனையாகவே வைக்கிறது. ‘இன்ன கம்பெனியின் இன்ன மாடல் கொடு’ என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அப்பா பெயர் சொல்லிக் கேட்கவில்லை. மெஷினைக் கழற்றி வைத்துக் காரியத்தைச் சொன்னார். அதே சட்டத்தின் 41-ஆவது பிரிவு, முன்பு பார்த்திராத பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும்வரை, வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்கிறது. பில்லுக்கு முன் சீல், பில்லுக்குப் பின் ‘பழைய போன்’ என்றால், அந்த வாய்ப்பு எந்த நிமிடத்தில் வருகிறது?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொருளில் குறை என்றால் உடைசல், பழுது மட்டுமல்ல; விற்பவர் எந்த விதத்திலாவது சொன்ன தரத்துக்குக் குறைவாக இருந்தாலும் அது குறைதான் என்று விளக்கம் தருகிறது. வாயால் சொன்னதும் அதில் அடங்கும். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அது பட்டியலிட்டிருக்கிறது. சில நிபந்தனைகளை இரு தரப்பும் பேசி விலக்கிக்கொள்ளலாம் என்று 1930-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவது உண்மைதான். பணம் வாங்கிய பிறகு நீட்டும் தாளின் அடியில், அப்பாவின் கண்ணுக்கும் எட்டாத எழுத்தில் இருப்பது இரு தரப்பும் பேசியதாகுமா?

இன்னொரு சமாதானமும் சொல்கிறீர்கள்: “ஜிஎஸ்டி பில் போட்டாயிற்று, வரி போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது.” செல்போனுக்கு 2020 ஏப்ரலிலிருந்து 18 சதவீதம் வரி. 18,000 ரூபாய் போனில் ஏறக்குறைய 2,745 ரூபாய் வரிதான். அது பெரிய தொகை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பொருள் திரும்பி வந்தால் கிரெடிட் நோட் போட்டு அந்த வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ள ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆவது பிரிவே வழி வைத்திருக்கிறது. அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரை அவகாசம் உண்டு. உங்கள் ஆடிட்டரைக் கேட்டால் சொல்வார். வாடிக்கையாளரிடம் வரியைக் காரணமாகச் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள்.

விளக்குத்தூண் பக்கம் புடவை எடுத்தவர்கள், பிடிக்கவில்லை என்று மறுநாள் போய் வேறு புடவை மாற்றிக்கொண்டு வருவது மதுரையில் புதிதல்ல. ஆயுள் காப்பீட்டு பாலிசியைக்கூட, கையில் கிடைத்த 30 நாளுக்குள் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம். செல்போன் ஆப்பில் வாங்குகிற கடனை, அபராதம் இல்லாமல் அடைத்துவிட்டு வெளியேற ரிசர்வ் வங்கி விதி ஒரு சிறிய அவகாசம் கொடுத்திருக்கிறது. அந்தக் கடனில் வாங்கிய போனுக்கு மட்டும் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது என்பது வேடிக்கையாக இருக்கிறது.

ஆன்லைன் உங்கள் வியாபாரத்தைத் தின்கிறது என்று வருந்துகிறீர்கள். அப்பாவின் பேரன் அன்றைக்கே சொன்னான்: “தாத்தா, ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் குறைவு.” அப்பா கேட்கவில்லை. “கடையில் ஆள் இருக்கும், மெஷினைக் காட்டிக் கேட்கலாம்” என்றார். அந்த ஆயிரம் ரூபாய் உங்கள் ஆளின் வாக்குக்கு அவர் கொடுத்த விலை. ஆன்லைன் வணிகத்துக்கென்று 2020-இல் வந்த விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளை விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. திரையில் எழுதியதற்கு இருக்கிற மதிப்பு, முகத்தைப் பார்த்துச் சொன்னதற்கு இல்லை என்றால், செல்லூரிலிருந்து இன்னொரு பெரியவர் எதற்காக டவுன்ஹால் ரோட்டுக்கு வர வேண்டும்?

நான் கேட்பது அதிகமில்லை. வாங்க வருபவர் ஒரு தேவையைச் சொன்னால் அதைப் பில்லில் ஒரு வரி எழுதுங்கள்: ‘காது மெஷினோடு சேர வேண்டும்’, ‘வெயிலில் திரை தெரிய வேண்டும்’, ‘பார்வையற்றவர் பயன்படுத்துவார்’. எழுதத் தயங்குகிற தேவைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அதிகம் விற்கும் மாடல்களிலாவது உயிருள்ள ஒரு போனைக் கவுண்டரில் வையுங்கள். மெஷினோ, கைக்கடிகாரமோ, காரின் ஸ்பீக்கரோ, எதுவானாலும் வாங்குமுன் அதில் சேர்த்துப் பார்க்கட்டும். அப்படி வைக்க முடியாத மாடலென்றால், பில்லில் எழுதிய தேவைக்கு ஒத்துவராதபோது ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாக எழுதிக் கொடுங்கள். நிறம் பிடிக்காதவரைத் திருப்பி அனுப்புவது உங்கள் விருப்பம். அந்தச் செலவில் ஒரு பங்கைக் கம்பெனிகள் ஏற்க வேண்டும் என்று சங்கத்தின் மூலம் நீங்கள் பேசலாம். புரமோட்டரை அனுப்புவது அவர்கள்தானே. அவர் சொன்ன சொல்லின் சுமையையும் சுமக்கட்டும். தனிக் கடைக்காரர் ஒருவர் கேட்டால் எந்த டீலரும் காது கொடுக்கமாட்டார்.

எங்களுக்குப் போன் விற்ற கடைக்குத் தனியாக, பதிவுத் தபாலில், மாற்றித் தரக் கோரி எழுதியிருக்கிறோம். சர்வீஸ் சென்டரின் தாளையும் காது மெஷின் கையேட்டின் நகலையும் இணைத்திருக்கிறோம். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வோம். அதற்கும் அசையவில்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அப்பா தானே வந்து பேசுவதாகச் சொல்கிறார். ஆணையத்தில் கொஞ்சம் உரக்கப் பேசச் சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
செல்லூரிலிருந்து ஒரு நெசவாளியின் மகள்